தேயிலை விலை குறைந்ததற்கா கலகம்? 13 காலனிகள் பிரிட்டனை விட்டுப் பிரிந்தது பற்றி ஒரு சந்தேகம்

தேர்வுமேசை · சனி, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்கச் சுதந்திரப் போர் பாடத்தில் ஒரு இடம் இரண்டு நாளாக உறுத்துகிறது. என்னிடம் இருக்கும் கைடில், "தேயிலை மீதான வரியை ஆங்கிலேயர் உயர்த்தினர், அதனால் பாஸ்டன் தேநீர் விருந்து நடந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஆனால் வேறு இடத்தில் படித்தால், 1773 தேயிலைச் சட்டத்தால் அமெரிக்காவில் தேயிலையின் விலை குறைய இருந்தது என்கிறார்கள்.

விலை குறைந்தால் மக்கள் சந்தோஷப்படத்தானே வேண்டும்? கப்பலில் ஏறி ஏன் கடலில் கொட்டினார்கள்? தேர்வில் எதை எழுதினால் மதிப்பெண் வரும் என்பது இருக்கட்டும், எனக்கே இது புரிந்தாக வேண்டும். தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

ஏழாம்பக்கம் · சனி, இரவு 9.52

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன் அம்மா, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. கைடு சொல்வது தவறு. 1773 சட்டம் புதிதாக ஒரு வரியும் போடவில்லை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1756 முதல் 1763 வரை பிரிட்டனும் பிரான்சும் ஏழாண்டுப் போர் நடத்தின. நம் பக்கம் வந்தவாசியும் அதே போரில்தான் வருகிறது. அமெரிக்காவில் அந்தச் சண்டை 1754இலேயே தொடங்கிவிட்டது. பிரிட்டன் ஜெயித்தது, ஆனால் கடன் ஏறக்குறைய இரட்டிப்பாகி 13 கோடி பவுண்டைத் தாண்டியது. அமெரிக்காவில் படை வைத்திருக்கும் செலவில் ஒரு பங்கை அங்கே குடியேறியவர்களே தரட்டும் என்று லண்டன் நினைத்தது. 1764இல் சர்க்கரைச் சட்டம். 1765இல் முத்திரைச் சட்டம்: பத்திரம், செய்தித்தாள், உரிமம், சீட்டுக்கட்டு வரைக்கும் முத்திரைத்தாள் வாங்கியாக வேண்டும். பெரிய எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த வருடமே திரும்பப் பெற்றார்கள். ஆனால் அதே கையோடு இன்னொரு சட்டம் போட்டார்கள். காலனிகள்மேல் "எந்த விஷயத்திலும்" சட்டம் செய்யும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்றது அது. பாடப்புத்தகங்கள் இதைத் தாண்டிப் போய்விடும். எனக்கு முழுச் சண்டையும் அந்த ஒரு சொற்றொடரில் இருப்பதாகப் படும்.

1767இல் கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஆகியவற்றின்மேல் இறக்குமதி வரி வந்தது. அமெரிக்கர்கள் பிரிட்டிஷ் சரக்கே வேண்டாம் என்றார்கள். 1770இல் மற்ற வரிகளை எடுத்துவிட்டுத் தேயிலைக்கு மட்டும் ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் வைத்துக்கொண்டார்கள். வருமானம் கொஞ்சம்தான், வரி போடும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று காட்டுவதற்காக வைத்தது. 1773 சட்டம் இந்த 3 பென்ஸைத் தொடவே இல்லை. தேயிலையின் விலையைக் குறைத்தது வேறு வழியில். அந்த வழி கிழக்கிந்தியக் கம்பெனி வழியாகப் போகிறது.

கெடிலக்கரை · சனி, இரவு 10.31

ஐயா கம்பெனி என்றதும் உள்ளே வந்துவிட்டேன். கடலூர்க்காரன், இந்தப் பகுதி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

தங்கச்சி, நீங்கள் இந்திய வரலாற்றில் "1773 ஒழுங்குமுறைச் சட்டம்" என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். வாரன் ஹேஸ்டிங்ஸ், கல்கத்தா உச்ச நீதிமன்றம், இரண்டு மதிப்பெண் கேள்வி. அதுவும் இந்தத் தேயிலைச் சட்டமும் ஒரே வருடம், ஒரே நாடாளுமன்றம், காரணமும் ஒன்றுதான். கம்பெனி திவாலாகும் நிலையில் இருந்தது.

1770 வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்தார்கள். அப்போதும் கம்பெனி நிலவரியை விடாமல் வசூலித்தது. உழுதவர்களே போன பிறகு வருமானம் எங்கிருந்து வரும்? படைச்செலவு ஒரு பக்கம், பங்குதாரர்களுக்கு அள்ளிக் கொடுத்த லாபம் ஒரு பக்கம், 1772இல் லண்டனில் வந்த கடன் நெருக்கடி இன்னொரு பக்கம். கம்பெனி அரசாங்கத்திடம் கையேந்தியது. அரசு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது. பதிலுக்கு இந்தியாவில் கம்பெனியின் ஆட்சிக்குக் கடிவாளம் போட்டது. அதுதான் ஒழுங்குமுறைச் சட்டம்.

அதே நேரம் லண்டன் கிடங்குகளில் விற்காத சீனத் தேயிலை சுமார் 1.7 கோடி பவுண்டு எடை குவிந்து கிடந்தது. டன் கணக்கில் ஏழாயிரத்துக்கு மேல். அதைத் தள்ளிவிடத்தான் தேயிலைச் சட்டம். அதுவரை கம்பெனி லண்டனில் ஏலம் விட வேண்டும், வியாபாரி எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும், அங்கே இன்னொரு வியாபாரி வாங்க வேண்டும். இனிமேல் கம்பெனியே நேராகக் கப்பலில் ஏற்றி, தான் நியமித்த ஆட்கள் மூலம் விற்கலாம், பிரிட்டனில் கட்டிய வரியும் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். நடுவில் இருந்த கைகள் போனதால் விலை இறங்கும். அமெரிக்காவில் கட்ட வேண்டிய அந்த 3 பென்ஸ் மட்டும் அப்படியே நின்றது.

வங்காளத்துப் பஞ்சத்துக்கும் பாஸ்டன் துறைமுகத்துக்கும் நடுவில் இருப்பது ஒரே கம்பெனியின் கணக்குப்புத்தகம். பள்ளிக்கூடத்தில் இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் படித்தோம். இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தர யாரும் இல்லையே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு.

தேர்வுமேசை · சனி, இரவு 10.48

அண்ணா, அந்த இரண்டு சட்டமும் வேறு வேறு நோட்டில் இருக்கின்றன. இப்போதுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

சரி, ஆனாலும் கேள்வி அப்படியே நிற்கிறது. 3 பென்ஸ் பழைய வரிதான், விலையும் குறைகிறது. அப்புறம் ஏன் கோபம்?

டெலவேர்_ஓரம் · ஞாயிறு, காலை 6.15

பிலடெல்பியா பக்கம் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன், இங்கே இன்னும் சனிக்கிழமை இரவு. ஊரிலிருந்து யார் வந்தாலும் சுதந்திர மண்டபத்துக்கு நான்தான் கூட்டிப்போவேன்.

கோபத்துக்குக் காரணம் விலை குறைந்ததேதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று மக்கள் வாங்கிவிடுவார்கள். வாங்கினால் 3 பென்ஸ் கட்டியதாகிவிடும். கட்டிவிட்டால், தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் தங்கள்மேல் வரி போடலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இன்றைக்கு மலிவான தேயிலை, நாளைக்கு நிலம், வீடு. எதிர்த்தவர்கள் பேசியதும் எழுதியதும் இதைத்தான்.

இது திடீரென்று வந்த ரோஷம் இல்லை. வர்ஜீனியாவில் 1619இலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட சபை கூடியது. அதற்குப்பின் ஏறக்குறைய 150 வருடம் ஒவ்வொரு காலனியும் தன் வரியைத் தன் சபையில் தானே போட்டுக்கொண்டது. ஆளுநரின் சம்பளம்கூடப் பல இடங்களில் அந்தச் சபை கொடுத்தால்தான் உண்டு. கடலுக்கு அப்பாலிருந்து உத்தரவு வரவே ஒன்றிரண்டு மாதம் ஆகும். லண்டனும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. அப்படி வளர்ந்த நாலைந்து தலைமுறையிடம் 1765இல் போய், "அது நாங்கள் கொடுத்த சலுகை, உங்கள் உரிமை இல்லை" என்றால் எப்படி இருக்கும்?

பாஸ்டனில் நடந்ததைச் சொல்கிறேன். டார்ட்மவுத் என்ற கப்பல் 1773 நவம்பர் 28 அன்று வந்தது. வந்த 20 நாளுக்குள் வரி கட்டிச் சரக்கை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் சுங்கத்துறை பறிமுதல் செய்துவிடும். மக்கள் இறக்க விடவில்லை. வரி கட்டாமல் கப்பல் திரும்பிப் போகவும் கூடாது என்றார் ஆளுநர் ஹட்சின்சன். தேயிலை விற்க நியமிக்கப்பட்டவர்களில் அவருடைய மகன்கள் இரண்டு பேர் இருந்தார்கள். கெடு முடிவதற்கு முந்தின இரவுதான் டிசம்பர் 16. கூட்டத்தில் ஐயாயிரம் பேர்வரை இருந்தார்கள் என்பார்கள். ஆளுநரின் கடைசி மறுப்பு வந்ததும் ஒரு கூட்டம், மோஹாக் பழங்குடிகளைப் போல முகத்தில் கரி பூசிக்கொண்டு துறைக்குப் போனது. மூன்று கப்பல், மூன்று மணி நேரம், 342 பெட்டி. கோடாரியால் பிளந்து தேயிலையைக் கொட்டினார்கள். தண்ணீர் வற்றிய நேரம் அது, தேயிலை கரையாமல் கப்பலை ஒட்டி மேடாகக் குவிந்ததாம். மறுநாள் காலையில் மிதந்துகொண்டிருந்ததைப் படகில் போய்த் துடுப்பால் அடித்து அமுக்கினார்கள். கப்பலில் வேறு எந்தச் சரக்கையும் தொடவில்லை.

இன்னொன்று. "தேநீர் விருந்து" என்ற பெயர் அப்போது இல்லை. ஐம்பது வருடத்துக்குமேல் கழித்துத்தான் அந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தது. அன்றைக்குச் சாதாரணமாக "தேயிலையை அழித்தது" என்றுதான் சொன்னார்கள்.

புழுதிவாக்கம் · ஞாயிறு, காலை 8.40

அக்கா சொன்னதில் ஒரு பாதி இருக்கிறது. மறுபாதியை நான் சொல்கிறேன்.

கொள்கை மட்டும் காரணம் இல்லை. அமெரிக்காவில் அப்போது குடித்த தேயிலையில் பெரும்பங்கு டச்சுக்காரர்களிடமிருந்து கள்ளத்தனமாக வந்தது. கடத்தியவர்கள் துறைமுகத்துப் பெரிய வியாபாரிகள். கம்பெனித் தேயிலை மலிவாக வந்தால் முதலில் படுப்பது அவர்களுடைய தொழில். சட்டப்படி இறக்குமதி செய்த வியாபாரிக்கும் அடி, ஏனென்றால் கம்பெனி தன் ஆட்களுக்குத்தான் விற்பனையைக் கொடுத்தது. பணம் உள்ளவன் தன் பையைக் காப்பாற்ற முன்னால் நின்று, கூலிக்காரனையும் கைவினைஞனையும் துறைக்கு அனுப்பினான். "சுதந்திரம்" என்ற சொல்லை யார் வாயிலிருந்து கேட்கிறோம் என்று பார்க்க வேண்டும் என்பது என் பக்கம்.

ஏழாம்பக்கம் · ஞாயிறு, காலை 10.05

தம்பி சொல்லும் வியாபாரக் கணக்கு உண்மைதான், மறுக்க மாட்டேன். ஆனால் அது பாஸ்டன், நியூயார்க் துறைமுகத்தோடு நின்றுவிடும். தென் கரோலினாவில் நெல் விளைவித்தவன் எதற்காகப் பாஸ்டனுக்கு அரிசி அனுப்பினான்?

1774இல் லண்டன் பாஸ்டன் துறைமுகத்தையே மூடியது. அழித்த தேயிலைக்குப் பணம் கட்டும்வரை ஒரு கப்பல் வரக்கூடாது. மாசசூசெட்ஸ் சபையின் அதிகாரத்தைப் பறித்தது, ஊர்க்கூட்டம் போடுவதற்கே ஆளுநரின் அனுமதி வேண்டும் என்றது. தேயிலை கொட்டியதைத் தவறு என்று நினைத்தவர்கள் மற்றக் காலனிகளில் நிறையப் பேர் இருந்தார்கள், தேயிலைக்குப் பணம் கட்டிவிடலாம் என்ற பேச்சும் இருந்தது. ஆனால் ஒரு ஊர் முழுவதையும் பட்டினி போடுவதைப் பார்த்ததும் அந்தப் பேச்சு அடங்கியது. இன்றைக்கு மாசசூசெட்ஸின் சபை, நாளைக்கு நம் சபை. ஊர்களுக்கிடையே கடிதம் எழுதுவதற்கென்று குழுக்கள் ஏற்கெனவே இருந்தன. அவை வழியாகச் செய்தி ஓடியது. பாஸ்டனுக்கு ஆடும் தானியமும் போயின. செப்டம்பரில் 12 காலனிகளின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடினார்கள், காங்கிரஸ் என்றது இந்தக் கூட்டத்தைத்தான். ஜார்ஜியா வரவில்லை.

அப்போதும் பிரிய வேண்டும் என்று பெரும்பாலோர் நினைக்கவில்லை, இதைக் கவனியுங்கள். 1775 ஏப்ரல் 19 அன்று மாசசூசெட்ஸின் லெக்சிங்டனில் பிரிட்டிஷ் படையோடு மோதித் துப்பாக்கி வெடித்த பிறகும், ஜூலையில் அரசருக்குச் சமாதான மனு அனுப்பினார்கள். மூன்றாம் ஜார்ஜ் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. ஆகஸ்டில் கலகக்காரர்கள் என்று அறிவித்தார். நாடாளுமன்றம்தான் கெட்டது, அரசர் நல்லவர் என்று பத்து வருடம் நம்பியவர்களுக்கு அது பெரிய அடி. அதன் பிறகுதான், 1776 ஜனவரியில் தாமஸ் பெயினின் 'காமன் சென்ஸ்' என்ற சிறுநூல் வெளிவந்தது. பெயின் இங்கிலாந்திலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஒரு தீவு ஒரு கண்டத்தை எப்போதும் ஆண்டுகொண்டிருப்பது அபத்தம், பரம்பரை அரசரே எதற்கு என்று சாமானியன் படிக்கிற மொழியில் கேட்டார். அதுவரை வீட்டுக்குள் முணுமுணுத்ததைச் சாராயக்கடையில் உரக்கப் படித்தார்கள்.

முதல் துப்பாக்கிச் சூட்டுக்கும் 1776 ஜூலைச் சுதந்திரப் பிரகடனத்துக்கும் நடுவில் பதினான்கு மாதம் இருக்கிறது. அந்தப் பதினான்கு மாதத் தயக்கத்தைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை நடத்தக்கூடாது என்பேன்.

கல்தூண் · ஞாயிறு, காலை 11.20

ஒரு சின்னச் சந்தேகம். 13 காலனிகள் மட்டும்தான் இருந்தனவா? கனடா ஏன் சேரவில்லை?

ஏழாம்பக்கம் · ஞாயிறு, காலை 11.37

அமெரிக்கப் பக்கம் பிரிட்டனுக்கு இன்னும் பல காலனிகள் இருந்தன. கியூபெக்கில் பெரும்பான்மை பிரெஞ்சுக் கத்தோலிக்கர்கள். 1774 சட்டம் அவர்களுடைய மதத்தையும் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தையும் காப்பாற்றியது, அதனால் கலகம் செய்ய அவசரம் இல்லை. ஜமைக்கா, பார்படோஸ் தீவுகளில் அடிமைகளே பெரும்பான்மை, தோட்ட முதலாளிக்குப் பிரிட்டிஷ் படை கூடவே வேண்டும். அவர்களும் வரியை எதிர்த்தார்கள், பிரியவில்லை.

தேர்வுமேசை · ஞாயிறு, மதியம் 2.15

பிரிவதென்று 1776 ஜூலை 4 அன்றுதான் ஓட்டுப் போட்டார்களா? ஒரு மாதிரி வினாத்தாளில் ஜூலை 2 என்று விடை கொடுத்திருந்தார்கள்.

டெலவேர்_ஓரம் · ஞாயிறு, மாலை 5.30

இரண்டும் சரிதான், கேள்வி எதைக் கேட்கிறது என்று பாருங்கள். பிரிவது என்ற தீர்மானம் நிறைவேறியது ஜூலை 2. அதற்கான காரணங்களைச் சொல்லும் பிரகடனத்தின் வாசகத்தை ஏற்றது ஜூலை 4. பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2. ஜான் ஆடம்ஸ் தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், வருங்காலம் ஜூலை 2ஐத்தான் கொண்டாடும் என்று எழுதினார்.

அந்த ஓட்டே இழுபறிதான். ஒரு காலனிக்கு ஒரு ஓட்டு. ஜூலை 1 அன்று ஒத்திகைபோல் எடுத்த கணக்கில் பென்சில்வேனியாவும் தென் கரோலினாவும் எதிர்ப்பு, நியூயார்க்குக்கு ஓட்டுப் போட அதிகாரம் வரவில்லை. டெலவேரின் பிரதிநிதிகளில் வந்திருந்த இருவர் எதிரெதிராக நின்றார்கள். மூன்றாமவர் சீசர் ராட்னி 80 மைல் தள்ளி டோவரில் இருந்தார். முகத்தில் புற்றுநோய், ஆஸ்துமா வேறு. செய்தி போனதும் இடி மழையில் இரவெல்லாம் பயணம் செய்து, ஜூலை 2 அன்று ஓட்டு எடுக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார். பென்சில்வேனியாவில் எதிர்த்தவர்களில் இரண்டு பேர் சபைக்கு வராமல் ஒதுங்கிக்கொண்டார்கள். தென் கரோலினா மனம் மாறியது. பன்னிரண்டு ஆதரவு, எதிர்ப்பு இல்லை. நியூயார்க் ஒரு வாரம் கழித்துச் சேர்ந்தது.

ஓட்டெடுத்த அந்தச் சுதந்திர மண்டப அறைக்குள் நின்று பார்த்தால் நம் ஊர்க் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பாதிகூட இருக்காது. பச்சைத் துணி விரித்த மேசைகள், மைக்கூடு, மெழுகுவத்தித் தண்டு. அரசருக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டால் ராஜத்துரோகம், பிடிபட்டால் தூக்கு. நியூயார்க் துறைமுகத்துக்குள் அதே வாரம் பிரிட்டிஷ் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன.

புழுதிவாக்கம் · ஞாயிறு, இரவு 8.55

அந்த அறையைப் பற்றியே நானும் பேசுகிறேன். "எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்" என்று பிரகடனத்தில் எழுதிய ஜெபர்சன் தன் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். அடிமை வியாபாரத்துக்காக அரசரைக் கண்டித்து அவர் எழுதிய பத்தியையும் காங்கிரஸ் அடித்துவிட்டது. 13 காலனிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்தில் ஒருவர் அடிமை.

1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் அரசர் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். கருணையினால் இல்லை, ஆள் தேவை. ஆனால் ஓடிவந்தவர்களுக்கு அது உண்மையான கதவு. ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணையிலிருந்து ஹாரி வாஷிங்டன் என்பவர் தப்பிப் பிரிட்டிஷ் பக்கம் போனார். 1783இல் பிரிட்டன் நியூயார்க்கை விட்டுக் கிளம்பியபோது, கூட்டிப்போன சுமார் 3,000 கறுப்பினத்தவரின் பெயர்களை ஒரு பேரேட்டில் எழுதினார்கள். ஹாரியின் பெயரும் அதில் இருக்கிறது. நோவா ஸ்கோஷியா போனார், அங்கிருந்து சியரா லியோன் போனார். அவருக்குச் சுதந்திரம் எந்தக் கொடியின் கீழ் கிடைத்தது என்று யோசியுங்கள்.

பழங்குடிகள் நிலை இன்னும் மோசம். அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று 1763இல் அரசர் கோடு போட்டிருந்தார், குடியேறிகளின் ஆத்திரத்துக்கு அதுவும் ஒரு காரணம். 1779இல் வாஷிங்டன் அனுப்பிய படை இரோகுவாய் கிராமங்களை, நாற்பதுக்குமேல், விளைந்த சோளத்தோடு எரித்தது. 1783 பாரிஸ் உடன்படிக்கையில் மிசிசிப்பி ஆறு வரைக்குமான நிலத்தைப் பிரிட்டன் அமெரிக்காவுக்கு எழுதிக்கொடுத்தது. அங்கே வாழ்ந்தவர்களில் ஒருவரையும் அந்த மேசைக்குக் கூப்பிடவில்லை.

டெலவேர்_ஓரம் · ஞாயிறு, இரவு 9.40

இதில் நான் உங்களோடு வாதாடப் போவதில்லை. மண்டபத்துக்குப் பக்கத்திலேயே, வாஷிங்டன் ஜனாதிபதியாகக் குடியிருந்த வீடு இருந்த இடம் இருக்கிறது. அங்கே அவர் அடிமைகளாக வைத்திருந்தவர்கள் ஒன்பது பேர். ஓனா ஜட்ஜ் என்ற பெண் 1796இல் குடும்பம் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து வெளியேறிக் கப்பலேறினாள், கடைசிவரை பிடிபடவில்லை. நான் கூட்டிப்போகும் விருந்தாளிகளை முதலில் அங்கேதான் நிறுத்துவேன்.

கெடிலக்கரை · ஞாயிறு, இரவு 10.20

போரைப் பற்றி யாரும் பேசவில்லையே. சுருக்கமாக: 1777 அக்டோபரில் சாரடோகாவில் ஒரு பிரிட்டிஷ் படை முழுதாகச் சரணடைந்தது, அதைப் பார்த்து 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்தது. எங்கள் பக்கத்துக்கு இந்தப் போர் வந்தது அதனால்தான்.

பிரான்சோடு போர் என்றதும் கம்பெனிப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டு 1778 அக்டோபரில் பிடித்தது. அடுத்த வருடம் மாஹேயையும் எடுத்தது. ஹைதர் அலிக்கு ஆயுதமும் சரக்கும் வரும் வழி மாஹேதான். 1780இல் அவர் கர்நாடகத்துக்குள் இறங்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கம்பெனிப் படை நொறுங்கியது. அந்தப் பெயர் கடல் தாண்டிப் போனது. 1782இல் பென்சில்வேனியா அனுப்பிய போர்க்கப்பல் ஒன்றுக்கு 'ஹைதர் அலி' என்று பெயர். டெலவேர் விரிகுடாவில் அது தன்னைவிடப் பெரிய பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது. அக்கா இருக்கிற ஊர்த் தண்ணீர்தான்.

1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களோடு சரணடைந்தார். கடலைப் பிரெஞ்சுக் கடற்படை மறித்துவிட்டதால் தப்ப வழி இல்லை. சரணடையும் நேரத்தில் உடம்பு சரியில்லை என்று சொல்லித் துணைத்தளபதியை அனுப்பினார். அவர் கத்தியை நீட்ட, வாஷிங்டன் தன் துணைத்தளபதி பெஞ்சமின் லிங்கனைக் கைகாட்டினார்.

ஆனால் போர் அங்கே முடியவில்லை. 1783 ஜூன் மாதம் எங்கள் கடலூரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி உள்ளே, கம்பெனிப் படை வெளியே. ஜூன் 13 அன்று நடந்த சண்டையில் இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில் விழுந்தார்கள். 20ஆம் தேதி கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேன் ஆங்கிலேயக் கப்பல்களோடு மோதினார். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானம் பேசி முடித்துவிட்டார்கள். செய்தி இங்கே வர ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் செத்தவர்களில் நம் சிப்பாய்கள் எத்தனை பேர்! தேவனாம்பட்டினக் கடற்கரையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

அப்புறம் கார்ன்வாலிஸ். தோற்றுப்போனவரை மூலையில் உட்கார வைக்கவில்லை, 1786இல் கவர்னர் ஜெனரலாக இங்கே அனுப்பினார்கள். 1792இல் திப்புவிடமிருந்து பாதி ராஜ்ஜியத்தை வாங்கினார், இரண்டு பிள்ளைகளைப் பிணையாகப் பிடித்தார். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அவருடைய பளிங்குச் சிலை இருக்கிறது. பீடத்தில் அந்தப் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். யார்க்டவுன் அதில் இல்லை.

தேர்வுமேசை · திங்கள், இரவு 7.30

கோட்டை அருங்காட்சியகத்துக்குப் பள்ளியில் கூட்டிப்போனார்கள், அந்தச் சிலையைப் பார்த்த நினைவு இருக்கிறது. யார் என்று அப்போது கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. 1783இல் எல்லாம் முடிந்துவிட்டது என்றால், அரசியலமைப்பு எதற்கு 1787இல்? நடுவில் நான்கு வருடம் என்ன செய்தார்கள்?

ஏழாம்பக்கம் · திங்கள், இரவு 9.25

இதைக் கேட்க மாட்டீர்களா என்றுதான் காத்திருந்தேன்.

1783இல் பிரிவு முடிந்தது. நாடு என்று ஒன்று இன்னும் இல்லை. பதின்மூன்று தனி அரசுகள் கைகோத்து நின்றன, அவ்வளவுதான். 1781இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகளின்படி காங்கிரஸ் போர் அறிவிக்கலாம், உடன்படிக்கை செய்யலாம், கடன் வாங்கலாம், ஆனால் வரி போட முடியாது. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம். லண்டனுக்குக் கொடுக்க மறுத்ததைத் தங்கள் சொந்தக் காங்கிரஸுக்கும் அவர்கள் கொடுக்கவில்லை. இறக்குமதிக்கு நூற்றுக்கு ஐந்து வரி போடலாமா என்று காங்கிரஸ் கேட்டபோது, ரோட் ஐலண்ட் என்ற குட்டி மாநிலம் ஒன்றே மறுத்தது. விதியைத் திருத்தப் பதின்மூன்றும் ஒப்ப வேண்டும் என்பதால் அதோடு படுத்துவிட்டது.

விளைவை அனுபவித்தவர்கள் படைவீரர்கள். மாதக்கணக்காகச் சம்பளம் இல்லை. 1783 மார்ச்சில் நியூபர்க் முகாமில் அதிகாரிகள் காங்கிரஸை மிரட்டலாமா என்ற அளவுக்குப் போய்விட்டார்கள். வாஷிங்டன் கூட்டத்துக்கு வந்து பேசினார், யாரும் இளகவில்லை. அப்புறம் ஒரு கடிதத்தைப் படிக்க எடுத்தார். எழுத்து தெரியவில்லை. பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தார். அவர் கண்ணாடி போட்டு அவர்களில் பலர் பார்த்ததே இல்லை. உங்கள் சேவையில் தலை நரைத்தது, இப்போது பார்வையும் மங்குகிறது என்ற பொருளில் ஏதோ சொல்லி மன்னிப்புக் கேட்டார். போர்க்களம் கண்ட ஆட்கள் அழுதார்கள் என்று அங்கே இருந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பட்டாளம் ஆட்சியைப் பிடிக்கும் வழி அந்த அறையில் அடைபட்டது. எத்தனை நாடுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை என்று நினைத்துப் பார்ப்பேன்.

சம்பளம் வாங்காமலே ஊர் திரும்பிய வீரன் விவசாயி ஆனான். போர்க்கடனை அடைக்க மாசசூசெட்ஸ் கடும் வரி போட்டது, அதுவும் நாணயமாகத்தான் கட்ட வேண்டும் என்றது. கிராமத்தில் நாணயம் ஏது? நிலம் ஏலம் போனது, கடனுக்குச் சிறை. 1786இல் டேனியல் ஷேஸ் என்ற முன்னாள் படைத்தலைவர் பின்னால் விவசாயிகள் திரண்டு நீதிமன்றங்களை மூடினார்கள். 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கின்முன் பீரங்கி வெடித்து நான்கு பேர் செத்தார்கள். கலகத்தை அடக்கக் காங்கிரஸிடம் பணமும் இல்லை, படையும் இல்லை. பாஸ்டன் வியாபாரிகள் காசு போட்டுத் திரட்டிய படைக்குத் தலைமை தாங்கியவர் அதே பெஞ்சமின் லிங்கன். யார்க்டவுனில் கத்தி வாங்கியவர்.

அந்தப் பயத்தில்தான் 1787 மே மாதம் பிலடெல்பியாவில் கூடினார்கள். 55 பேர், அதே அறை, ரகசியத்துக்காகக் கோடையிலும் மூடிய ஜன்னல்கள். பெரிய மாநிலம் மக்கள்தொகைப்படி இடம் கேட்டது, சின்ன மாநிலம் சமமாகக் கேட்டது, இரண்டு அவைகள் அமைத்துத் தீர்த்தார்கள். தெற்கை உள்ளே வைத்திருக்க அடிமைகளை ஐந்தில் மூன்று பங்கு ஆட்களாகக் கணக்கிட ஒப்புக்கொண்டார்கள், 1808 வரை அடிமை வியாபாரத்தைத் தடைசெய்ய முடியாது என்றும் எழுதினார்கள். புழுதிவாக்கம் தம்பி சொன்ன அநியாயம் அன்றைக்குச் சட்டத்துக்குள்ளேயே ஏறியது. வரி போடும் அதிகாரம் காங்கிரஸுக்கு வந்தது, ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த அவையில்தான் வரி மசோதா தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1765இல் கேட்டதற்கு 1787இல் அவர்களே எழுதிக்கொண்ட விடை.

டெலவேர்_ஓரம் · செவ்வாய், காலை 5.50

வாஷிங்டன் உட்கார்ந்து தலைமை வகித்த நாற்காலி இன்னும் அந்த அறையில் இருக்கிறது. சாய்மானத்தின் உச்சியில் பாதிச் சூரியன் செதுக்கியிருக்கும். செப்டம்பர் 17 அன்று கையெழுத்துப் போடும்போது 81 வயது பிராங்க்ளின் அதைக் காட்டி, இது எழும் சூரியனா விழும் சூரியனா என்று இத்தனை நாள் தெரியவில்லை, இப்போது எழும் சூரியன் என்று தெரிகிறது என்றாராம். அவருடைய சொந்த மகன் வில்லியம், நியூஜெர்சியில் அரசரின் ஆளுநராக இருந்தவர், அரசர் பக்கமே நின்று இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அப்பாவும் மகனும் கடைசிவரை மனம் சேரவில்லை.

தேர்வுமேசை · செவ்வாய், இரவு 8.05

எல்லோருக்கும் நன்றி. ரோட் ஐலண்ட் அப்புறம் என்ன ஆனது? வரிக்கு மறுத்ததே, அரசியலமைப்பையாவது ஏற்றதா?

ஏழாம்பக்கம் · செவ்வாய், இரவு 8.40

பிலடெல்பியாக் கூட்டத்துக்கே ஆள் அனுப்பவில்லை. 1772இல் பிரிட்டிஷ் சுங்கக் கப்பல் காஸ்பியை எரித்த ஊர்க்காரர்கள் அவர்கள். 1776 மே 4 அன்றே, மற்றவர்களுக்கு இரண்டு மாதம் முன்னால், அரசருக்குக் கொடுத்த விசுவாசத்தை முறித்துக்கொண்டவர்கள். வாஷிங்டன் 1789 ஏப்ரலில் ஜனாதிபதியான பிறகும் வெளியேதான் நின்றார்கள். அவர்களை வேற்று நாடாகக் கருதி வியாபாரத்தை நிறுத்த 1790 மே மாதம் செனட் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அதே மே 29 அன்று ஓட்டெடுத்துச் சேர்ந்தார்கள். ஆதரவு 34, எதிர்ப்பு 32.